திகதி விடுபட்ட பதினொரு புத்தகங்கள்

1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடம். கண்டிச் சந்தைக்கு அருகே, புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த நீர்மின் கம்பனியின் அறையில் வீரையாவை முதன்முதலாகக் கண்டேன். கதிரை காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. கோதுமை மாச்சாக்கில் தைத்த பையொன்றை மார்போடு அணைத்தபடி நின்றார்.

அம்பிட்டியவுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் ஆற்றில் சிறு மின்நிலையம் அமைத்து, மின்சாரத்தை அரசுக்கு விற்பதே கம்பனியின் திட்டம். தனியாருக்கு அந்த வழி அப்போதுதான் திறந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நெடுநேர மின்வெட்டுகளைப் பட்டறிந்த ஊர் ஆதலால், மின்சாரத்தில் போட்ட முதல் வீண்போகாது என்று கடைத்தெருவே நம்பியது. கம்பனியை நடத்தியவர் தியாகராஜா. கண்டியிலேயே வளர்ந்த பொறியியலாளர். பங்கு வாங்குவோருக்கான தமிழ்க் கையேட்டை எழுதும் பணியை, தமிழாசிரியனான என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

வீரையாவின் பையில் பதினொரு நோட்டுப்புத்தகங்கள் இருந்தன. அவர் அத்தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டர்பைன் பார்த்தவர். 1962 முதல் 1972 வரை, ஆற்றுநீரால் சுழன்ற அந்த இயந்திரமே தொழிற்சாலையை ஓட்டியது. காலை ஆறு மணிக்கு அணைக்கட்டுக்கு நடந்து, கல்லில் பதித்த இரும்புக்கோல் காட்டும் நீரளவைக் குறித்து வருவது அவருடைய முதல் வேலை. வெளியிலிருந்து மின்கம்பி வந்த பின் டர்பைன் துருப்பிடித்தது. புத்தகங்களைக் கேட்பார் இல்லாமல் போகவே, அவரே வீட்டுக்குக் கொண்டுசென்று வைத்திருந்தார். பல ஆண்டு நீரளவைக் காட்டினாலன்றி வங்கி கடன் கொடுக்காது. அந்த ஆற்றின் நீரை அளந்து எழுதிய மனிதர் அவர் ஒருவரே.

புத்தகங்களைக் கொடுக்குமுன் அவர் கையொப்பமிட்ட துண்டுச்சீட்டு ஒன்று கேட்டார். தியாகராஜா சிரித்துக்கொண்டே எழுதினார்: "வீரையா அவர்களிடமிருந்து பதினொரு புத்தகங்களை இரவலாகப் பெற்றுக்கொண்டேன். மூன்று மாதத்தில் திருப்பித் தருவேன்." கையொப்பத்தின் கீழ் நாளும் இட்டார்.

நான் பின்னரே அறிந்த செய்தி ஒன்று உண்டு. ஆறு வற்றும் நாள்களில் தொழிற்சாலையை டீசல் எஞ்சின் ஓட்டியது. அதற்கு வேறு ஆள், வேறு புத்தகம். டர்பைன் ஓடாத நாளில் டர்பைன் புத்தகத்தில் எழுதுவது வழக்கமில்லை. ஆகவே வீரையாவின் பக்கங்களில் ஜனவரி பத்தொன்பதுக்கு அடுத்த வரியில் மார்ச் இருபத்தேழு இருக்கும். இடையில் வெற்றிடம்கூட இராது. டீசல் புத்தகங்களோ எப்போதோ கறையான் தின்றவை. இதை அவர் தியாகராஜாவை அணைக்கட்டுக்கு அழைத்துச் சென்றபோது விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். "விட்டுப்போன நாளை நாங்க சேத்துக்குவோம் அண்ணே. இப்ப வர்ற மிஷின் கொஞ்சத் தண்ணியிலயே ஓடும்," என்று பதில் வந்தது. படித்தவர் சொன்னதை அவர் நம்பினார்.

சேர்க்கவில்லை. அளவுகளைத் திகதியின்றி, தொடரிலக்கமிட்டுத் தட்டச்சு செய்தார்கள். என் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில், "2,812 நாள்களின் நேரடி அளவீடு" என்று நானே தடித்த எழுத்தில் அச்சிடச் சொன்னேன். அந்த எண்ணைப் பதினொன்றால் வகுத்திருந்தால், ஆண்டுக்கு நூறு நாள்களுக்கு மேல் காணாமற்போனது தெரிந்திருக்கும். நான் வகுக்கவில்லை.

மே மாதத்தில் பங்காளர் கூட்டம் கூடியது. கடைக்காரர்களும் எழுதுவினைஞர்களுமாக மண்டபம் நிறைந்திருந்தது. வீரையாவை மேடையில் நிறுத்தி, ஒரேயொரு கேள்வி கேட்கும்படி தியாகராஜா என்னிடம் சொன்னார். கேள்வியின் சொற்களையும் அவரே தந்தார்.

"இந்தப் புத்தகங்கள்ல பொய்யா எழுதின அளவு ஒண்ணாவது இருக்குதா?"

"ஒண்ணுகூட இல்லைங்க மாஸ்டர். கோல் காட்டினதைத்தான் எழுதினேன்."

முன்வரிசைக் கடைக்காரர் ஒருவர், "அப்ப இது எங்க வீட்டுப் பால்காரர் தண்ணிக் கணக்கு மாதிரி இல்ல," என்றார். மண்டபம் சிரித்தது. வீரையாவும் சிரித்தார். அன்று மாலைக்குள் பெரும்பாலான பங்குகள் விற்றுப்போயின.

வாங்கியவர்களுள் அவருடைய தங்கை நல்லம்மாவும் ஒருவர். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், கணவரை இழந்து, முப்பத்திரண்டு ஆண்டு கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். தோட்டம் கொடுத்த லயத்து அறையை விட்டுச் சொந்தமாக ஒரு வீடு கட்டவேண்டும் என்பதே அவருடைய ஒரே எண்ணம். சேமலாப நிதியாகக் கிடைத்த ஒரு இலட்சத்து இருபதாயிரத்தையும், வீடு கட்டுமுன் இது வளரட்டும் என்று பங்கில் போட்டார். கையேட்டை அவர் படிக்கவில்லை. மேடையில் நின்ற அண்ணனைப் பார்த்தார்.

2001 நவம்பரில் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. டிசம்பரில் தியாகராஜா தம் பங்குகளை நல்ல விலைக்கு ஊர்க்காரர்களிடமே விற்றார். ஜனவரியில் ஆறு இறங்கியது. ஏப்ரல்வரை நிலையம் நின்றது. அடுத்த ஆண்டும் அவ்வாறே. வங்கித் தவணை தவறவே, மூன்றாம் ஆண்டு நிலையம் கடனுக்குப் போயிற்று. சிறு பங்காளரின் கையில் தாள்தான் மிஞ்சியது. தியாகராஜா கொழும்பில் வேறொரு கம்பனி தொடங்கி, வேறோர் ஆற்றுக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார்.

கடைத்தெருவில் தியாகராஜாவின் பெயரை எவரும் சொல்லவில்லை. "பொய்க்கணக்கு வீரையா" என்றே சொன்னார்கள். அந்தப் பெயரைக் கேட்டும் மறுத்துப் பேசாதவர்களுள் நானும் இருந்தேன்.

நல்லம்மா தம் தாளோடு அண்ணன் வீட்டுக்கு வந்த நாளில் நானும் அங்கிருந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஆறு எப்ப வத்தும்னு உனக்குத் தெரியாதா அண்ணே?"

"தெரியும். சொன்னேன்."

"யாருகிட்ட?"

"அந்த இஞ்சினியர் ஐயாகிட்ட."

"என்கிட்ட சொன்னியா?"

அணைக்கட்டுக்குப் போனபோது தியாகராஜாவோடு நடந்த பேச்சை வீரையா எனக்கு விவரித்தது அதற்குப் பின்புதான். நான் வீட்டுக்கு வந்து, தாளை எடுத்து, 2,812ஐப் பதினொன்றால் வகுத்தேன்.

மறுவாரம் மூவருமாகச் சட்டத்தரணி ரபீகாவிடம் போனோம். மடவளையைச் சேர்ந்தவர், நீதிமன்றத்துக்கு எதிரே அலுவலகம் வைத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டபின் அந்தத் துண்டை இருமுறை படித்தார்.

"இது போதும் ஐயா. புத்தகங்களத் திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்புவோம். தந்தா, திகதி உண்மையச் சொல்லும். தராட்டி அதுவே சாட்சி. ஆனா நீங்கதான் கேக்கணும். துண்டு உங்கட பேர்ல இருக்கு."

"புத்தகம் வந்தா நான் பொய் சொல்லலைன்னு தெரிஞ்சுபோகும். இவ காசு வருமா தாயி?"

ரபீகா நேர்மையானவர். கம்பனியிடம் எடுப்பதற்கு ஒன்றுமில்லை, தியாகராஜாவிடமிருந்து வாங்க முடியும் என்றும் உறுதி கூற இயலாது என்றார்.

வீரையா கையை நீட்டித் துண்டைத் திரும்ப வாங்கினார். "அப்ப வேணாம். என் பேரை மட்டும் கழுவிக்கிட்டு இவ முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

நல்லம்மா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்ஸ் ஷெட் பஸ் நிலையம்வரை மூவரும் நடந்தோம். நாவலப்பிட்டி பஸ் புறப்பட்டபோது அவர் அண்ணனிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீரையா 2009இல் காலமானார். அடக்கத்துக்கு நல்லம்மா வந்திருந்தார். அலுமாரியைத் திறந்து, அடையாள அட்டையின் உறைக்குள் நான்காக மடித்திருந்த துண்டை எடுத்து என்னிடம் தந்தார். மையின் நிறம் சற்றே மங்கியிருந்தது. கையொப்பம் தெளிவாக இருந்தது. மூன்று மாதத்தில் திருப்பித் தருவேன் என்று எழுதிப் பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தப் பதினொரு புத்தகங்களை வீரையா ஒருநாளும் கேட்கவில்லை.