அக்கா வரைந்த காது மிஷின்

என் அக்காவுக்கு ரப்பர் என்றாலே ஆகாது. பென்சிலைத் தொட்டவர்கள் எல்லாம் தேய்த்துத் தேய்த்து அழிப்பார்களே, அந்தப் பழக்கம் அவளிடம் கிடையாது. காரணம் அவள் தொழில். பேக்கரியில் பிறந்தநாள் கேக் மேல் பெயரும் படமும் போடுகிறவள் அவள். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, கிரீமை நிரப்பி, நுனியைத் துளி வெட்டிவிட்டுக் கையை வைத்தால் வைத்ததுதான். கேக் மேல் விழுந்த கோட்டை அழிக்க முடியாது. கோணிப்போனால் அதன் மேல் ஒரு பூவைப் போட்டு மூடலாம், அவ்வளவுதான். எங்கள் கடை கேக்கில் சம்பந்தமே இல்லாமல் ஒரு ரோஜாப்பூ உட்கார்ந்திருந்தால், அதன் அடியில் ஒரு தப்பு தூங்குகிறது என்று அர்த்தம்.

நான் அதே பேக்கரிக்கு வண்டி ஓட்டுகிறேன். கேக்கைக் குலுங்காமல் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பக்கத்திலிருந்து பார்க்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அவள் கை மாதிரி ஒரு கை யாருக்கும் வராது. இதை அவளிடம் நேரில் சொன்னதில்லை. சொன்னால், "என்னடா, கடன் ஏதாவது வேணுமா?" என்பாள்.

அக்காவுக்கு ஒரே மகள், ஆறு வயது. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று வைத்தோம். ஆனால் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலுதான். வாலுவுக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது. இன்னொரு காதில் மிஷின் மாட்டினால் நன்றாகவே கேட்கும். பாக்கு அளவில் பழுப்பு நிறத்தில் ஒன்று காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காதுக்குள் போகும். ஒரு சின்னப் பொத்தானும் உண்டு. அக்கா திட்ட ஆரம்பித்தால் வாலுவின் விரல் அந்தப் பொத்தானுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அக்கா எவ்வளவு கத்தினாலும் சினிமாவில் ஒலி போன மாதிரிதான். வாலு சாந்தமாக உட்கார்ந்து அம்மாவின் வாயை வேடிக்கை பார்ப்பாள்.

வீட்டுக்குள் இந்தக் கூத்து. வெளியே போக வேண்டுமென்றால் மிஷினே காணாமல் போய்விடும். ஷூவுக்குள், சர்க்கரை டப்பாவில், என் வண்டியின் டூல் பெட்டியில் என்று எங்கெல்லாமோ ஒளித்து வைப்பாள். அதைத் தேடுவது எங்கள் வீட்டுக் காலைக்கடன்களில் ஒன்றாகிவிட்டது. ஏன் ஒளிக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், யாராவது ஒரு அம்மாள் குனிந்து அவள் காதைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், இவ்வளவு லட்சணமான பொண்ணுக்கா!" என்பார். மிஷின் மாட்டியிருப்பதால்தான் அந்தப் 'பாவம்' அவளுக்குத் தெளிவாகக் கேட்கிறது என்பது அந்த மகராசிகளுக்குத் தோன்றவே தோன்றாது. எனக்கு வாய் சும்மா இருக்காது. அக்காதான் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் படப்புத்தகம் இருக்கிறதென்று யாரோ சொல்ல, அக்கா நூலகத்திலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தாள். ஒன்றில், கால் நடக்காத பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்கிறான். இன்னொன்றில், கண் தெரியாத சிறுமி எல்லோருக்கும் நல்ல புத்தி சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். எல்லாக் குழந்தையும் தங்கமோ தங்கம், ஒன்றுகூட ஒரு கண்ணாடியை உடைக்கவில்லை. வாலு முதல் புத்தகத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

"ஏம்மா, இவன் எப்பவும் ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்கான்? இவனுக்கு ஒண்ணுக்கே வராதா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கடையிலிருந்து வரும்போது வரையும் காகிதமும் வண்ணமும் வாங்கி வந்தாள்.

சமையலறை மேசையில், அடுப்பு அணைந்த பிறகு, அவள் அந்தப் புத்தகத்தை வரைந்தாள். கதை இதுதான். ஒரு சிறுமி கேக்கின் கிரீமை விரலால் வழித்துத் தின்றுவிடுகிறாள். அம்மா திட்டுகிறாள். சிறுமி பொத்தானை அமுக்கி மிஷினை அணைத்துவிடுகிறாள். அம்மா திட்டி முடித்து மனம் இளகி, "வா, ஐஸ்கிரீம் வண்டி வந்திருக்கு" என்று கூப்பிடுகிறாள். வண்டி மணி அடித்துக்கொண்டே தெருவைத் தாண்டிப் போகிறது. சிறுமிக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு விஷயம் தெரிந்து, மிஷினைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் தலைதெறிக்க ஓடுகிறாள். அவ்வளவுதான், பரிசும் இல்லை, புத்திமதியும் இல்லை.

இதில் இன்னொன்று உண்டு. மிஷின் என்ற சொல்லே கதையில் கிடையாது. எல்லாம் படத்தில்தான் இருந்தது. புத்தகத்தைப் போட முன்வந்த சின்னப் பதிப்பகத்தின் எடிட்டர் அம்மா நல்ல மனுஷி. "ஒரே ஒரு வரி விளக்கம் சேத்துக்கலாமே" என்று கேட்டார்.

"செருப்பு போட்டவன் கதையில, 'இவன் ஏன் செருப்பு போட்டிருக்கான்'னு எழுதுவீங்களா?" என்றாள் அக்கா.

எடிட்டர் அம்மா யோசித்துவிட்டு, "சரி, உங்க இஷ்டம்" என்றார்.

அக்காவுக்கு அவசரம் இருந்தது. வாலு புதுப் பள்ளிக்கூடத்தில் சேரப் போகிறாள். "அங்க மிஷின் மாட்ட மாட்டேன்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். மாட்டாவிட்டால் டீச்சர் சொல்வது பாதி கேட்காது, அப்புறம் மக்கு என்று கடைசி பெஞ்சில் தள்ளிவிடுவார்கள். முதல் நாளே அந்தப் புத்தகத்தை வகுப்பில் படிப்பதாக டீச்சர் ஒப்புக்கொண்டிருந்தார். "அவ உள்ள போறதுக்கு முன்னாடி புத்தகம் உள்ள போயிடணும்டா" என்று அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். வகுப்பில் கேட்கப்போகும் கேள்வியெல்லாம் புத்தகத்தைப் பார்த்தே தீர்ந்துபோகும் என்பது அவள் கணக்கு.

திங்கட்கிழமை பள்ளி. சனிக்கிழமை மதியம் நான்தான் புத்தகக் கட்டை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, கட்டைப் பிரித்து, ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அட்டையில் சிறுமி ஜம்மென்று இருந்தாள், காதில் மிஷினோடு. முதல் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாவது பக்கம், மூன்றாவது பக்கம். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானும் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஒரு பக்கத்தில்கூட மிஷின் இல்லை. காது மட்டும் வழவழவென்று இருந்தது. அம்மா வாயைப் பிளந்து திட்டுகிறாள், சிறுமி எதற்கோ காதைத் தொடுகிறாள். காது குத்துகிறதா, எறும்பு கடித்ததா, யாருக்கும் புரியாது.

போன் போட்டதும் எடிட்டர் அம்மா பதறிப்போய், அச்சகத்து ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். அச்சகத்தில் அவரைத் தூசி மாஸ்டர் என்பார்கள். ஸ்கேன் செய்த படங்களில் விழுந்திருக்கும் தூசி, கறை, முடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்துச் சுத்தமாக்குவது அவர் வேலை. அக்கா கடைசியாகப் பார்த்து ஒப்புதல் சொன்னது அவர் துடைப்பதற்கு முந்தைய பக்கங்களை. அட்டையை வேறொருவர் செய்ததால் அது தப்பித்தது.

"பொண்ணு எங்க போனாலும் காதுகிட்ட அந்தப் பழுப்புக் கறையும் கூடவே போச்சும்மா" என்றார் தூசி மாஸ்டர், தலையைக் குனிந்துகொண்டு. "இப்படி ஒரு பிடிவாதமான கறையை நான் பாத்ததே இல்ல. விடக்கூடாதுன்னு ஒவ்வொரு பக்கமா எடுத்தேன்."

மனுஷர் வேலையில் புலி. அதுதான் வினையாகிப் போனது.

திருத்தி அச்சடிக்க மூன்று வாரம் ஆகும் என்றார் எடிட்டர் அம்மா. எனக்கு ஒரு யோசனை தோன்றியது, சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, காதுல ஒரு பூ போட்டுடேன். கேக்குல போடுவியே, அந்த மாதிரி. காதைத் தொட்டுப் பூவைச் சரிபண்றான்னு நெனச்சுப்பாங்க."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மூடி மறைக்கறதுக்காடா இதை வரைஞ்சேன்?"

என் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அடுப்பில் கை வெந்தபோதுகூட அவள் அழவில்லை. அன்றைக்கு எல்லோர் முன்னிலும் அழுதாள். "இதை அவ கண்ணுல மட்டும் காட்டாதீங்க" என்றாள். "அவளையே துடைச்சு எடுத்துட்ட மாதிரி இருக்கு. பாத்தா, 'மிஷின் இல்லாம இருக்கறதுதான் அம்மாவுக்கும் பிடிச்சிருக்கு'ன்னு நெனச்சுப்பா."

மேசைக்கு அடியில் ஏதோ சரசரத்தது. குனிந்து பார்த்தேன். வாலு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் புத்தகம் திறந்து கிடந்தது. காதில் மிஷின் இல்லை, ஆகவே நாங்கள் பேசியது எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டாள்.

அவள் எழுந்தாள், யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அக்கா எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாலு வந்தாள். கையெல்லாம் கோதுமை மாவு. காதில் மிஷின், அதிலும் மாவு. ஒரு நாற்காலியை இழுத்து வந்து அம்மாவுக்கு முன்னால் போட்டு, அதில் ஏறி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள். காதை மறைக்கும் முடியை யார் தொட்டாலும் தட்டிவிடுகிறவள், தானே அதை அள்ளிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

"நான் ஒளிச்சு ஒளிச்சு வச்சேன்ல, அதான் எப்படி இருக்கும்னு உனக்கு மறந்துபோச்சா?" என்றாள். "இந்தா, நல்லா பாத்துக்கோ. பாத்து வரை."

துடைத்தது நான்தான் என்று சொல்லத் தூசி மாஸ்டரே வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஆமாடி, மறந்துதான் போச்சு" என்றாள். "ஆடாம உக்காரு."

காகிதத்தைக் கிழித்துக் கூம்பு சுருட்டினாள். கெட்டியான பழுப்பு வண்ணத்தை அதில் நிரப்பி, நுனியைத் துளி வெட்டினாள். மகளின் காதை ஒருமுறை பார்த்தாள், பக்கத்தைப் பார்த்தாள், கையை வைத்தாள். ஒரு குமிழ், அதிலிருந்து ஒரு மெல்லிய வளைவு. கேக் மேல் கிரீம் நிற்கிற மாதிரி, அந்த மிஷின் காகிதத்தில் மேடாக எழும்பி நின்றது. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டேதான் இருந்தது. வகுப்புக்கு வேண்டிய புத்தகம் அத்தனையிலும், சிறுமி வரும் ஒவ்வொரு பக்கத்திலும், ஞாயிறு முழுக்க உட்கார்ந்து போட்டாள். ஒரே ஒரு கோடு தப்பினாலும் அழிக்க வழியில்லை. ஒன்றுகூடத் தப்பவில்லை. என் வாழ்நாளில் பார்த்த பெரிய வேலை இதுதான். கட்டடம் கட்டுகிறவர்கள், பாலம் போடுகிறவர்கள் எல்லாம் என்னை மன்னிக்கட்டும்.

வாலு இறங்கவே இல்லை. மேற்பார்வை வேறு. "அம்மா, இதுல இன்னும் குழாய் போடல", "இதுல குண்டா இருக்கு, என்னுது ஒல்லி" என்று ஒவ்வொன்றாகக் குறை சொன்னாள். தூசி மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமையும் வந்து, பக்கம் பக்கமாக விரித்துப் பிடித்து விசிறிக் காயவைத்தார். ஒரு பக்கத்தில் மாவு விரல் பட்டிருந்தது. அதைத் துடைக்கப் போனவர் நிறுத்தி, வாலுவைப் பார்த்து, "இது கறையா பாப்பா, வேணுமா?" என்று கேட்டார். வாலு உற்றுப் பார்த்துவிட்டு, "துடைக்கலாம்" என்று அனுமதி கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டில் யாரும் எதையும் தேடவில்லை. வகுப்பில் நடந்ததை டீச்சர் பிறகு சொன்னார். பிள்ளைகளின் விரல் நேராக அந்த மேட்டுக்குத்தான் போயிருக்கிறது. "மிஸ், இது என்ன?" என்று ஒரு பையன் கேட்டானாம். டீச்சர் பதில் சொல்வதற்குள் வாலு எழுந்து நின்று முடியை ஒதுக்கி, "அது நான்தான். அம்மா என்னைப் பாத்துதான் வரைஞ்சா. நிஜத்தைத் தொட்டுப் பாக்கணும்னா கை கழுவிட்டு வா" என்றாளாம். கை கழுவ ஒரு வரிசையே நின்றிருக்கிறது. யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அவளைப் பள்ளியிலிருந்து பேக்கரிக்குக் கூட்டி வந்தேன். நான் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள், யாருக்கோ போக வேண்டிய கேக்கில் விரலை விட்டுக் கிரீமை வழித்திருந்தாள். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "புதுப் பள்ளிக்கூடம் போன முதல் நாளே உன் புத்தியைக் காட்டிட்டியா?"

வாலுவின் விரல் வழக்கம்போலக் காதுக்குப் பின்னால் போனது. பொத்தான் மேல் நின்றது. அவள் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பித் தெருவைப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்து, அதிலிருந்த மிச்சக் கிரீமை நக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சரி, திட்டு" என்றாள். "முடிச்சதும் ஐஸ்கிரீம் வண்டி வரும்ல?"