கை நனைக்காத ஷல்மத்

முதல் விக்கல் வந்ததும் ஷல்மத் செருப்பைக் கழற்றிவிடுகிறாள். இரண்டாவது விக்கலுக்கு முக்காட்டை இழுத்து இடுப்போடு சேர்த்து முடிந்துகொள்கிறாள். மூன்றாவது வருவதற்குள் எண்ணெய் வியாபாரி ஸப்தாயின் முற்றத்தில் கூடியிருக்கும் சபை முழுவதும் வாயை மூடிவிடும். அழுகிற பிள்ளைகள்கூட அடங்கிவிடும் என்று சொல்வார்கள். அது மட்டும் பொய்.

பிறகு அவள் பேசுவாள். கண்கள் மூடியிருக்கும். குரல் அவளுடையதுதான், ஆனால் கொஞ்சம் உயரத்திலிருந்து வருவதுபோல இருக்கும். வானம் திறப்பது, நட்சத்திரம் உதிர்வது போன்ற பெரிய சங்கதிகள் அவளுக்கு அவ்வளவாக வருவதில்லை. "ஒருத்தன் இங்க உக்காந்திருக்கான். கூடப்பொறந்தவன்கூட பேசி ரெண்டு மழைக்காலம் ஆச்சு. இங்க பிட்டுக் குடுக்கிற அப்பத்தத் தொடுறதுக்கு முன்னாடி போய்ப் பேசிட்டு வா" என்றாள் ஒருமுறை. ஒருவன் என்றுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு எழுந்து வெளியே போனவர்கள் நாலு பேர்.

பேசி முடித்ததும் ஒன்றும் நினைவிருக்காது. பக்கத்தில் இருக்கும் விதவை நானாயின் தொடையைக் கிள்ளி, "என்னடி சொன்னேன்? யாரையும் திட்டலையே?" என்று கேட்பாள்.

"ஸப்தாய் மாமாவத்தான்."

"பேரச் சொல்லியா?"

"பேரு சொல்லல. எண்ணெயில தண்ணி ஊத்துறவன்னு சொன்ன. அவரே தலையக் குனிஞ்சுக்கிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை இப்படி. மற்ற நாட்களில் அவள் ஆற்றோரத்துக் குளியல் மண்டபத்து வாசலில் சுண்டல் விற்கிறாள். கொண்டைக்கடலையைச் சீரகமும் உப்பும் போட்டு வேகவைத்து, நாலு சொட்டு ஒலிவ எண்ணெய் விட்டு, திராட்சை இலையில் மடித்துத் தருவாள். குளித்துவிட்டு வரும் கனவான்களுக்கு அவளைச் சீண்டுவதில் ஒரு சுகம். "ஏம்மா, உங்க சாமி இன்னிக்கு என்ன சொல்றாரு?" என்பார்கள். "கடல நல்லா வெந்திருக்குன்னு சொல்றாரு. எத்தன மடிப்பு வேணும்?" என்பாள்.

அவளுடைய கணவன் மல்கு கழுதை ஓட்டுகிறவன். சபைக்கு வருகிறவன் அல்ல. "கடவுள் பேசினா இவளுக்குக் கேக்குதாம். நான் பேசினா மட்டும் காது அடைச்சுக்குது" என்பது ஊர் முழுக்க அவன் சொல்லிக்கொண்டு திரியும் குறை. ஷல்மத் அதற்கும் பதில் சொல்வதில்லை. கேட்காத குறைதான் போலிருக்கிறது.

சாப்பாட்டில் அவளுக்கு இருக்கும் பக்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பந்தியில் உட்கார்ந்தால் இடம் வலம் பார்க்கமாட்டாள். பொரித்த மீனின் தலையை அவள் பிரித்து மேய்வதைப் பார்த்தால் வயிறு நிறைந்தவனுக்கும் பசி எடுக்கும். இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த விதி வந்து வாய்த்தது.

சபையில் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களுக்கு விதிகள் உண்டு. பரிசுத்த ஆவி இறங்கி, அந்த ஆவியில் நின்று பேசுகிறவரை யாரும் குறுக்கே மறிக்கக் கூடாது, சோதிக்கவும் கூடாது. ஆவியில் நின்று காசு கேட்டால் அந்த ஆள் போலி. ஆவியில் நின்று "பந்தி போடுங்கள்" என்று கட்டளையிடலாம். ஏழைகள் வந்து உண்ணலாம். ஆனால் கட்டளையிட்டவர் அந்தப் பந்தியில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் பேசியது ஆவியல்ல, வயிறு. அன்றோடு அவர் சபையில் வாய் திறக்க முடியாது.

ஷல்மத்துக்கு வரும் வாக்கில் பாதி, பந்தி போடச் சொல்லித்தான் வருகிறது. விதவைகளுக்குப் போடு, கல் உடைக்கிறவர்களுக்குப் போடு, துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற கைதிகளுக்குப் போடு. போடுவார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து கைகளை மடிக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டும் காலியாவதைக் கண்ணால் வழியனுப்புவாள். அவளுடைய வயிறு போடும் சத்தம் மூன்றாவது பாய் வரைக்கும் கேட்கும். "ஆவிதான் பேசிச்சுங்கிறதுக்கு அதான்டி சாட்சி" என்பாள் நானாய்.

அந்தியோகியாவிலிருந்து சபையை நடத்தும் மூப்பராக வந்து சேர்ந்த நிக்கானோருக்கு இந்தச் சாட்சி போதவில்லை. படித்தவர், நல்லவர், புதனும் வெள்ளியும் தவறாமல் உபவாசம் இருக்கிறவர். அவர் பிரசங்கம் செய்தால் சபை மரியாதையாகத் தலையாட்டும். ஷல்மத்துக்கு விக்கல் எடுத்தால் அதே சபை நிமிர்ந்து உட்காரும். எந்த மனிதனுக்கும் இது வலிக்கத்தான் செய்யும். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு பந்தியிலும் அவர் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மடியை விட்டு வெளியே வரவேயில்லை.

போன வாரம் நானாய் குளியல் மண்டபத்துக்கே மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு அப்புறம் மூப்பர் அறிவிக்கப் போறாராம். இனிமே பொம்பளைங்க சபையில பேசக் கூடாது. ஆவி வந்தா வீட்டுலபோய்ச் சொல்லணுமாம்."

ஷல்மத் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டாள். "வீட்டுல சொன்னா யாரு கேப்பா? மல்குவா, கழுதையா?"

"கழுத கேக்கும்."

நானாய் சிரித்தாள். ஷல்மத் சிரிக்கவில்லை. அன்றைக்கு வாங்கியவர்கள் எல்லாரும் சுண்டலில் உப்பு இல்லை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விக்கல் வரவில்லை. ஷல்மத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள், மூச்சை அடக்கிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. இதுதான் கடைசி வாரம் என்று தெரிந்ததால் எல்லாருடைய கண்ணும் அவள்மேலேயே இருந்தது. நிக்கானோர் பிரசங்கத்தின் நடுவில் நிறுத்தி, முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை.

அப்போது அவருடைய உடம்பு நடுங்கியது. கண்கள் மூடின. கைகள் தாமாக மேலே போயின.

"ஸப்தாயின் முற்றத்தில் இன்றைக்கே பந்தி விரியட்டும். கொழுத்த வாத்துகள் சுடப்படட்டும். பசித்தவர் எவரும் வாசலில் நிற்க வேண்டாம்."

முற்றம் முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. வந்தது ஆவியா, வேறு ஏதாவதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடலாம்: ஆவியில் பேசுகிறவரைச் சோதிக்கக் கூடாது என்பது விதி. நாமும் சோதிக்கவில்லை. ஸப்தாய் மட்டும் கொல்லைப்பக்கம் ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டார். வாத்துகள் அவருடையவை.

சாயங்காலத்துக்குள் பந்தி ஆயிற்று. கல் உடைக்கிறவர்கள் வந்தார்கள், விதவைகள் வந்தார்கள். வழி தவறி வந்தவன்போல மல்குவும் வந்து ஓரத்தில் உட்கார்ந்தான். நிக்கானோரின் முகத்தில் புதுமாப்பிள்ளையின் களை இருந்தது. ஆளுக்கு ஆள் வந்து அவருடைய கையைப் பிடித்தார்கள். "மூப்பரே, உங்களுக்கும் வருமா? ஒரு வார்த்த சொல்லலையே" என்றார்கள். இத்தனை நாள் பந்தியில் இன்னொருத்தியின் கையைக் காவல் காத்தவருக்குத் தன் கையைக் காக்க வேண்டும் என்பது தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசத்தைச் சனிக்கிழமைக்கும் நீட்டியிருந்தவர் வேறு. அப்பத்தை ஆசீர்வதித்தார், உட்கார்ந்தார், தாலத்திலிருந்து வாத்தின் கால் ஒன்றைத் திருகி எடுத்தார். வாத்துக் கொழுப்பின் நெய் மணிக்கட்டு வரை வழிந்தது.

ஸப்தாயின் வாய் பாதியில் நின்றது. கல் உடைக்கிறவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் விதி தெரியும். அதை மாதம் ஒருமுறை அவர்களுக்கு உபதேசித்தவரே அவர்தான்.

எதிர்ப் பாயில் ஷல்மத் உட்கார்ந்திருந்தாள். நானாய் அவளுடைய காதோரம் சாய்ந்தாள். "அசையாத. ஒரு கடி கடிக்கட்டும். அப்புறம் யாரு வாயக் கட்டுறாங்கன்னு பாப்போம்."

கால் உதட்டுக்கு வந்துவிட்டது. ஷல்மத் பாயின்மேல் முழங்காலிட்டு எட்டினாள். மூப்பரின் கையிலிருந்து அதைப் பிடுங்கி, உட்காருவதற்கு முன்பே ஒரு பெரிய கடி கடித்தாள்.

"மன்னிச்சுக்குங்க மூப்பரே" என்றாள், வாய் நிறைய. "இந்தத் தடவ பந்தி போடச் சொன்னது நான் இல்ல பாருங்க. நான் தாராளமாத் திங்கலாம்."

நிக்கானோர் காலியான தன் கையைப் பார்த்தார். அவருடைய முகம் முதலில் சிவந்தது, புரிந்ததும் வெளுத்தது. முற்றத்தில் யாரோ இருமினார்கள். மல்கு மட்டும், விதியும் தெரியாமல் விவரமும் தெரியாமல், "இவ எப்பவுமே இப்படித்தாங்க. என் தட்டுலேர்ந்தும் எடுப்பா" என்று மூப்பருக்கு ஆறுதல் சொன்னான்.

ஸப்தாய் தொண்டையைச் செருமினார். வாத்துகளை இழந்த மனிதருக்கு ஏதாவது ஒரு லாபம் வேண்டாமா? "மூப்பரே, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏதோ அறிவிப்பு இருக்குன்னீங்களே?"

ஷல்மத் மெல்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

நிக்கானோர் விரலில் ஒட்டியிருந்த நெய்யை நக்க வழியில்லாமல் அங்கியின் ஓரத்தில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு வாத்துத் தாலத்தை இரண்டு கையாலும் எடுத்து, ஷல்மத்தின் முன்னால் நகர்த்தி வைத்தார்.