ஆற்றுப் பாலத்தைப் படம் எடுத்த நாள்

எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் பனிமலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த காலம் அது. சித்திரை வெயிலில் மண்டபத்தில் வேர்த்து வழிந்தவர்களைக் கம்ப்யூட்டரில் அப்படியே வெட்டியெடுத்து, அவர்கள் கனவிலும் போயிராத ஏதோ ஒரு குளிர்தேசத்தில் நிறுத்திவிடுவார்கள். பட்டுச்சேலைக்குப் பின்னால் பனி கொட்டிக்கொண்டிருக்கும். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. கேட்டவர் ஒருவர்தான். அவரை நான் ஸ்டுடியோ மாமா என்று கூப்பிடுவேன்.

என் சொந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டில் தங்கி நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்தார். ஸ்டுடியோ மாமா அவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் எங்கள் வீட்டில் அவருக்கும் சேர்த்தே அம்மா குழம்பு வைப்பாள். ரம்ஜானுக்கு அவர் வீட்டு பிரியாணி அண்டாவோடு எங்கள் வீட்டுக்கு வரும்.

“நம்ம காவிரிக்கு என்ன மாப்ள கொறச்ச? எதுக்கு ஊரான் ஊட்டு மலைய ஒட்டோணும்?” என்று அவர் மாமாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். நல்ல கேமரா ஒன்று வாங்கியதும் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார். மலைக்கோட்டை, மேட்டூர் அணை, மழைக்காலத்து வயல், ரயில்வே ஸ்டேஷன் என்று பார்த்ததையெல்லாம் எடுத்துச் சேர்த்தார். இனிமேல் நம் ஊர்க் கல்யாணங்கள் நம் ஊரிலேயே நடக்கும் என்பது அவர் கணக்கு.

கடைசியில் ஆற்றுப் பாலம் பாக்கி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மாமாக்களும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மணப்பெண் நிற்கும் இடத்தில் யாராவது நின்று பார்த்தால்தான் அளவு தெரியுமாம். எனக்கு எட்டு வயது. பொங்கலுக்கு எடுத்த பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு, மணல்மேட்டில் கல்யாணப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பின்னால் ரயில் பாலம். கையில் ஒரு வளையல் திரும்பியிருந்தால்கூட அங்கிருந்தே கண்டுபிடித்து, “அந்த வளையல நேராத் தள்ளு சாமி” என்பார் ஸ்டுடியோ மாமா. ரயில் ஒன்று வரட்டும் என்று காத்திருந்தோம். ரயிலுக்கு முன்னால் ஜீப் வந்தது.

வடக்கே எங்கேயோ ஒரு ஊரில் குண்டு வெடித்திருந்தது. டிவியில் இரண்டு மூன்று நாட்களாக அதையேதான் காட்டினார்கள். அதற்கும் எங்கள் ஆற்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஜீப்பிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். மூத்தவர் முதலில் மாமாவிடம் பேர் கேட்டார். மாமா சொன்னதும் எந்த ஊர், யார் வீட்டுப் பையன், அக்கா வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார் என்றெல்லாம் நிதானமாகத்தான் விசாரித்தார். பிறகு ஸ்டுடியோ மாமா பக்கம் திரும்பினார்.

“சாதிக்குங்க. அப்பா பேரு காதர் பாட்சாங்க.”

மூத்தவர் அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஊரையும் கேட்கவில்லை, வீட்டையும் கேட்கவில்லை. கேமராவுக்குக் கையை நீட்டினார்.

“ஏனுங்க, படம் எடுக்கக் கூடாதுன்னு இங்க எங்கயும் போர்டு இல்லீங்களே?” என்றார் ஸ்டுடியோ மாமா.

“போர்டு வெச்சாத்தான் சட்டமா?”

மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப்பில் போவது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஸ்டேஷனில் அவர்கள் இருவரையும் சுவரோரமாக நிற்க வைத்துவிட்டு என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெண் போலீஸ் ஒருத்தி பிஸ்கட் பொட்டலம் பிரித்துக் கொடுத்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கேமராவின் பொத்தானை அழுத்தி அழுத்திப் படங்களைப் பார்த்தார். கோட்டை வந்தது, அணை வந்தது, ரயில்வே ஸ்டேஷன் வந்தது. ஒவ்வொன்றிலும் நிறுத்தி, பெரிதாக்கி, பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் தங்கள் முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஸ்டுடியோ மாமாவின் காட்சிப் படங்களை இவ்வளவு அக்கறையாக உட்கார்ந்து பார்த்தவர் அந்த அதிகாரி ஒருவர்தான்.

“ஆல்பத்துக்குங்க சார். பேக்ரவுண்டு போடறதுக்குங்க” என்று ஸ்டுடியோ மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மாமாவைக் காட்டி யார் என்று கேட்டார். மாமா என்றேன். இன்னொருவரைக் காட்டினார். அவரும் மாமாதான் என்றேன்.

“ரெண்டு பேரும் எப்படி பாப்பா மாமா ஆவாங்க?”

ஒருவர் ஊட்டு மாமா, ஒருவர் ஸ்டுடியோ மாமா என்று நான் விளக்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது.

பொழுது சாயும்போது அப்பா வந்தார். அப்பா கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். பண்ணை முதலாளி கரைவேட்டி கட்டியவர், நாலு இடத்தில் செல்வாக்கு உள்ளவர். அவரும் தன் காரிலேயே வந்திருந்தார். உள்ளே போய் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, இது நம்ம பையன் என்று மாமாவின் தோளில் கைவைத்துச் சொன்னார். மாமாவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மாமா படி இறங்காமல் நின்றார். முதலாளி அவர் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார்.

“ஸ்டுடியோ மாமா வரலீங்களாப்பா?”

“பின்னால வருவாரு கண்ணு.”

நான் பின்சீட்டில் மண்டியிட்டு, பின்கண்ணாடி வழியாக வீடு வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. பாலத்தை வேவு பார்த்தவர் சிக்கினார் என்று போட்டு, முகத்தைத் துண்டால் மூடிய ஒருவரின் படம் இருந்தது. துண்டு அவருடையதில்லை என்பதால் அது வேறு யாரோ என்று நான் நினைத்தேன். அம்மா பேப்பரை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள். அந்த வாரத்திலேயே கட்டடச் சொந்தக்காரர் ஸ்டுடியோவுக்கு வேறு பூட்டுப் போட்டார்.

வீட்டில் சண்டை நடந்தது. நான் அவன்கூட இருந்தேன், நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்று மாமா கேட்டார். அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் வந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். இது சாதாரணச் சட்டம் இல்லை, சந்தேகம் ஒன்றே போதும், குற்றப்பத்திரிகை இல்லாமலே மாதக்கணக்கில் உள்ளே வைக்கலாம், ஜாமீனுக்கு அலைய வேண்டியதுதான் என்றார்.

“தம்பிய அனுப்பறதுன்னா அனுப்புங்க. போறப்பச் சாட்சியாப் போவாரு, வாரப்ப கேசுல ரெண்டாவது எதிரியா வருவாரு. வந்தாத்தான்.”

அம்மா மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த நாளே அவரை ஆத்தூரில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் ஸ்டுடியோ மாமாவின் அம்மா வந்தார். பஸ்ஸில் வந்து, வெயிலில் நடந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று அம்மா சொல்லவில்லை. அதற்கு முன் எத்தனையோ நாள் எங்கள் அடுப்படி வரை வந்து அம்மாவோடு வெங்காயம் உரித்தவர் அவர்.

“அம்மிணி, எம்பையன் படந்தான் எடுத்தான்னு தம்பிய ஒரே ஒரு வார்த்தை வந்து சொல்லச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம் சாமி.”

“தம்பி இங்க இல்லீங்கம்மா” என்றாள் அம்மா. அன்றைக்கு அது உண்மைதான். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு என் தலையைத் தடவினார். தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, கதவைச் சாத்திவிட்டு வந்து எதற்கோ என்னை அடித்தாள்.

மாசக்கணக்கு ஆயிற்று. மாமா திரும்பி வந்து பட்டறைக்குப் போகத் தொடங்கினார். லாரி முகப்பில் கழுகும் தாமரையும் எழுதுகிறவர் இப்போது வெறும் ப்ரைமர் அடிக்கும் வேலையை மட்டும் கேட்டு வாங்கிச் செய்கிறார் என்று அப்பா சொன்னார். வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. நானும் மறந்துகொண்டிருந்தேன். கேமரா மட்டும் அவ்வப்போது நினைவுக்கு வரும். வழக்குச் சொத்து என்று அதைக் கோர்ட்டில் வைத்துவிட்டார்களாம். நான் கல்யாணப்பெண்ணாக நின்ற படம் அதற்குள் இருந்தது.

ஒரு மத்தியானம் வெளிக்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அம்மா போனாள். பின்னாலேயே நானும் போனேன். ஒட்ட வெட்டிய தலைமுடியும் தொளதொளத்த சட்டையுமாக ஸ்டுடியோ மாமா நின்றுகொண்டிருந்தார். அவர்மேல் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

“அவன் இருக்கானுங்களாக்கா?”

“வேலைக்குப் போயிருக்கானுங்க” என்றாள் அம்மா. அதுவரை அவரை அவள் வா, போ என்றுதான் பேசுவாள்.

மாமா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயிண்ட் தெறித்துத் தெறித்து எந்த நிறம் என்றே சொல்ல முடியாத அவருடைய செருப்பு வாசற்படியில் கிடந்தது. அப்படி ஒரு செருப்பு எங்கள் தெருவிலேயே வேறு யாருக்கும் கிடையாது. ஸ்டுடியோ மாமா தலையைக் குனிந்து சற்று நேரம் நின்றார்.

“சரிங்கக்கா. வந்தான்னா, நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க.”

என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே ஓடினேன். மாமா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். உங்கள் செருப்பு அவர் காலுக்குப் பக்கத்திலேயேதான் கிடந்தது மாமா, அவருக்குத் தெரியவே இல்லை என்றேன். இத்தனை நாள் இருட்டு அறையில் அடைத்து வைத்திருந்ததில் பாவம், ஸ்டுடியோ மாமாவுக்குக் கண் மங்கிப்போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.