ரோட்டுக்கு எந்தப் பக்கம்?

டன்மோர் கவுண்ட்டி அலுவலகத்தில் கல்யாண உரிமம் வாங்க வருகிறவர்களிடம் லொரீன் டெப்பே முதலில் கேட்பது பெயரையோ பிறந்த தேதியையோ அல்ல. "கல்யாணம் எங்க வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்பாள். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு கவுண்ட்டி, அதாவது மாவட்டம், கொடுக்கும் உரிமம் அந்தக் கவுண்ட்டியின் எல்லைக்குள் நடக்கும் கல்யாணத்துக்கு மட்டுமே செல்லும். எல்லையைத் தாண்டிப் போய் மோதிரம் மாற்றினால் அது வெறும் காகிதம். பூவின் நிறத்துக்காக மாதக்கணக்கில் அம்மாவோடு மல்லுக்கட்டும் பெண்கள்கூட இதை யோசித்துப் பார்ப்பதில்லை.

பிரசவ விடுப்பில் போன ஒருத்திக்குப் பதிலாகத்தான் லொரீன் அந்த மேஜைக்கு வந்தாள். போனவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. அவள் திரும்பி வரவில்லை. லொரீனும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. மனிதர்கள் சந்தோஷமாக வந்து நிற்கிற அரசாங்க மேஜை அந்தக் கட்டடத்திலேயே அது ஒன்றுதான். பக்கத்து மேஜையில் வரி கட்டுகிறவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே மாப்பிள்ளைகள் வியர்த்து வழிந்துகொண்டு நிற்பார்கள்.

"உங்க அம்மா எங்க பொறந்தாங்க?"

"ஆஸ்பத்திரியிலதான் மேடம்."

"சரிப்பா, அந்த ஆஸ்பத்திரி எந்த ஊர்ல இருந்துச்சு?"

இதற்குள் பெண் போனை எடுத்து வருங்கால மாமியாரையே கூப்பிட்டிருப்பாள். பிறகு இருவரும் வலது கையைத் தூக்கி, எழுதியதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்வார்கள். அந்த நேரத்தில் லொரீனும் எழுந்து நின்றுகொள்வாள். நிற்கச் சொல்லிச் சட்டம் இல்லை. உட்கார்ந்தபடி ஒருவரிடம் சத்தியம் வாங்குவது அவளுக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான்.

பழைய பதிவுகளின் நகல் கேட்டும் ஆட்கள் வருவார்கள். புருஷனைப் பறிகொடுத்தவர்களுக்குப் பென்ஷனுக்காக வேண்டும். புதுப்பெண்களுக்கு ஓட்டுநர் உரிமத்தில் பெயர் மாற்ற வேண்டும். ஒருமுறை ஆர்வில் என்ற கிழவர், தன் கல்யாண நாள் எது என்று பெண்டாட்டியோடு பந்தயம் கட்டிவிட்டு வந்தார். லொரீன் பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நகல் வேணாம்மா. நான் இங்க வரவே இல்ல, நீ என்னைப் பாக்கவே இல்ல, சரியா?"

அப்படிப்பட்ட லொரீனுக்கு ஒரு சனிக்கிழமை சோதனை வந்தது.

டெஸ்ஸாவும் கோல்பியும் அந்த வாரம் உரிமம் வாங்கியவர்கள். டெஸ்ஸா, லொரீன் போகும் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற பெண். சிறுபிள்ளையிலிருந்தே சர்க்கரை நோய்; தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். அப்பாவின் மருத்துவக் காப்பீட்டில் இருக்கிற வயது அவளுக்கு முடிந்துவிட்டது. கோல்பிக்கு ஆற்றில் சரக்குத் தோணிகளைத் தள்ளும் படகில் வேலை. செவ்வாய்க்கிழமை படகேறினால் ஒரு மாதம் தண்ணீரில்தான். அதற்குள் கல்யாணப் பதிவின் நகலைக் கம்பெனியில் கொடுத்தால் டெஸ்ஸாவின் பெயர் அவன் காப்பீட்டில் ஏறிவிடும். இதை அவனே லொரீனிடம் சொல்லியிருந்தான்.

"கல்யாணம் எங்க?" என்று அன்றைக்கும் கேட்டாள்.

"எங்க மாமா ஃப்ரீமன் பண்ணையில," என்றாள் டெஸ்ஸா.

ஃப்ரீமன் வீட்டுக்கு எத்தனையோ தடவை போய் வந்தவள் லொரீன். சாலையின் கிழக்கே வெள்ளை வீடு, டன்மோர் கவுண்ட்டி. மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. முத்திரையைக் குத்திக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மதியம் அவளும் அவள் அண்ணன் வெர்லனும் அவனுடைய டிரக்கில் கல்யாணத்துக்குப் போனார்கள். அவள் மடியில் சுடச்சுடப் பீன்ஸ் தட்டு ஒன்று. ஃப்ரீமன் வீட்டை நெருங்கியதும் பலூன் கட்டிய பலகை ஒன்று வண்டிகளை இடதுபக்கம் திருப்பிவிட்டது. மேற்கே, போன வருஷம் ஃப்ரீமன் புதிதாக வாங்கிய நிலத்தில், டிராக்டர் நிறுத்தும் பெரிய தகரக் கொட்டகை. அதன் முன்னால் விருந்தாளிகள் உட்கார வைக்கோல் கட்டுகள் வரிசையாக, நடுவில் பூ சுற்றிய வளைவு.

லொரீன் தெருமுனையில் நின்ற பச்சைப் பலகையைப் பார்த்தாள். கவுண்ட்டி எல்லைச் சாலை; அதற்கு மேற்கே பக்கத்து விட்லாக் கவுண்ட்டி. பிறந்ததிலிருந்து பார்த்த பலகை.

"வெர்லன், வண்டிய நிறுத்து."

"என்னடி, தட்டு கொட்டிடுச்சா?"

"கல்யாணம் விட்லாக் கவுண்ட்டியில நடக்கப் போகுது. நான் கொடுத்த லைசென்ஸ் இங்க செல்லாது."

வெர்லன் வளைவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "ஊருக்கெல்லாம் கேள்வி கேக்கிறவ நீ! உனக்கா இந்தக் கதி?"

"சிரிச்சது போதும். அந்தப் பொண்ணுக்கு மருந்து வாங்கணும்."

அவன் சிரிப்பு அடங்கியது.

சும்மா இருந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணத்தை நடத்தி வைக்கிற பாஸ்டர் எல்டன் அது முடிந்ததும் உரிமத்தில் இடத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம்தான் கொண்டுவருவார். "ஃப்ரீமன் பண்ணை, டன்மோர்" என்று எழுதினால் அவளே அதைப் பதிவேட்டில் ஏற்றுவாள். ஆனால் டெஸ்ஸாவும் கோல்பியும் கை தூக்கியபோது அவளும் எழுந்து நின்றவள். விட்லாக்கில் புதிதாக வாங்கலாம் என்றால் சனிக்கிழமை அங்கே யாரும் இல்லை; வாங்கினாலும் மறுநாள்தான் செல்லுபடியாகும். எப்படிப் பார்த்தாலும் ஒரே வழிதான் இருந்தது.

ஃப்ரீமனின் வெள்ளை வீட்டுக்குள் டெஸ்ஸா தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு, வெள்ளைக் கவுனும் ரப்பர் செருப்புமாக உட்கார்ந்திருந்தாள். லொரீன் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். "நான்தான் கேட்டிருக்கணும் கண்ணு. தெரிஞ்ச எடம்தானேன்னு விட்டுட்டேன்."

டெஸ்ஸாவின் முகம் வெளுத்தது. "அப்ப இன்னைக்குக் கல்யாணம் கிடையாதா?"

"உண்டு. ரோட்டத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டா உண்டு."

டெஸ்ஸா ஜன்னல் வழியாக எதிரே இருந்த வளைவைப் பார்த்தாள். "அம்மா அந்த வளைவுக்கு ரெண்டு நாளாப் பூ கட்டினாங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க. எனக்குத் தைரியமில்ல."

அம்மாவிடம் சொல்லியும் ஆயிற்று. அவள் லொரீனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ முத்திர குத்தறப்போ கண்ண மூடிக்கிட்டுக் குத்துவியா?" என்று கேட்டுவிட்டு, வளைவின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினாள்.

வெர்லன் கொட்டகையிலிருந்து டிராக்டரை எடுத்து வந்தான். அதன் முன்னால் மண் அள்ளும் வாளியில் வளைவை நிறுத்திக் கட்டி, ஆள் நடக்கிற வேகத்தில் சாலையைத் தாண்டினான். பின்னால் கோட்டுப் போட்ட மனிதர்கள் ஆளுக்கொரு வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் நடுச்சாலையில் நின்று, வராத வண்டிகளைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்.

கிழக்கே காலியாக இருந்த ஒரே இடம் வீட்டின் முன் புல்தரை. அங்கே காலையிலிருந்து பன்றி இறைச்சி புகையில் வெந்துகொண்டிருந்தது. அடுப்பை நகர்த்த முடியாது. அது பாதி வேக்காட்டில் இருக்கிறது, தொட்டால் கெட்டுப்போகும் என்று ஃப்ரீமன் ஒற்றைக் காலில் நின்றார். அதனால் வளைவை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள்.

பாஸ்டர் எல்டன் புத்தகத்தைத் திறந்துவிட்டு, கூட்டத்தில் லொரீனைத் தேடினார். "இங்க நிக்கலாமா?"

"சாலையிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, பாஸ்டர். எனக்கு மனசு நிம்மதியா இருக்கும்."

அவர் தள்ளி நின்றார். காற்று திரும்பியது. சம்மதம் சொல்லும்போது கோல்பியின் கண்ணில் தண்ணீர், டெஸ்ஸாவின் கண்ணில் தண்ணீர், மொத்த ஊரின் கண்ணிலும் தண்ணீர். எவ்வளவு சந்தோஷத்தில், எவ்வளவு புகையில் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. லொரீனும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள்.

முத்தம் முடிந்ததும் டெஸ்ஸா கத்தினாள். "லொரீன்! இனிமே ரோட்டத் தாண்டலாமா?"

"எங்க வேணா போ. சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க!"

கோழி வறுவலும் மோஸ்டச்சோலி பாஸ்தாவும் விட்லாக் கவுண்ட்டியில், கொட்டகையின் உள்ளேதான் பரிமாறினார்கள். இருட்டும்வரை தகரக் கூரை அதிர ஆடினார்கள். டெஸ்ஸாவின் அம்மா தன் கையாலேயே லொரீனுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தாள், பூவுள்ள ஓரத்துத் துண்டாகப் பார்த்து.

திங்கட்கிழமை கதவு திறந்ததும் பாஸ்டர் உரிமத்தைக் கொண்டுவந்தார். கையெழுத்து, தேதி, இடம் மூன்றையும் லொரீன் விரல் வைத்துப் படித்துவிட்டுப் பதிவேட்டில் ஏற்றினாள். டெஸ்ஸாவும் கோல்பியும் மதியத்துக்குள் வந்து முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொண்டார்கள். கோல்பி அதை வாங்கி மோந்து பார்த்தான்.

"இதுலகூடப் புகை நாத்தம் அடிக்குது, லொரீன்."

"அப்ப அசல்தான், போ. கம்பெனியில உடனே கொடுத்துடு."

அவர்கள் போன சூட்டிலேயே இன்னொரு ஜோடி வந்தது. இப்போதெல்லாம் லொரீன் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கிறாள்.

"கல்யாணம் எங்க வெச்சிருக்கீங்க? ரோட்டுக்கு எந்தப் பக்கம்?"

"ரோடே கிடையாது மேடம்," என்றான் பையன் பெருமையாக. "ஆத்துல. படகுல."

ஆற்றின் நடுவில்தான் கவுண்ட்டி எல்லை ஓடுகிறது. லொரீன் பேனாவை மூடி வைத்தாள். இழுப்பறையிலிருந்து வரைபடத்தை எடுத்து அவர்கள் முன்னால் விரித்து, நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி. படகு எந்தக் கரை ஓரமா நிக்கும், காட்டுங்க."