புளி ஊற்றிப் பார்த்த கல்

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் என் தங்கை சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். லாரிக்காரர்கள் நிறுத்திப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் பொட்டலமாக வாங்கிப் போவார்கள். ஆறு வருஷம் தகரக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்தேதான் அவ்வளவையும் செய்தாள். இடுப்பு போய்விட்டது. இனிமேல் தரையில் உட்கார்ந்து சமைத்தால் நடமாட்டமே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகு, கொட்டகைக்குப் பின்னால் செங்கல் வைத்து ஓர் அடுப்படி கட்டினாள். நின்று சமைக்க அதில் ஒரு மேடை. மேடைக்கு என்ன கல் போடுவது என்பதை மட்டும் என்னிடம் விட்டாள்.

“ஒரு வேலையாச்சும் முடிச்சுட்டுப் போண்ணே. நடுவுல பஸ்ஸு ஏறிறாத” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. எட்டாவதைப் பாதியில் விட்டு லாரி ஏறியவன் நான். திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போட்டு விறகைக் கரியாக்குவது, கேரளாவில் புரோட்டாக் கடை, ஓசூரில் கிரானைட் பாலிஷ், நடுவில் பெயர் சொல்லும்படி இல்லாத பல வேலைகள். பாலிஷ் பட்டறையில் இடது சுண்டுவிரல் பாதி போனது. மீதி விரல்கள் வேலை செய்தன, அதனால் நானும் செய்தேன். கல்லைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனால் மேடைக் கல் ஒரு தடவை பதித்தால் பதித்ததுதான். அது கெட்டால் உடைத்து எடுக்க வேண்டும், அவள் மறுபடி தரையில் உட்கார வேண்டும். அந்த இடுப்பு இன்னொரு தடவை தாங்காது.

அவளுக்கு வெள்ளை மார்பிள்மேல் ஆசை. திருச்சுழிப் பக்கம் நிலபுலன் உள்ள ஒரு சம்சாரி வீட்டு விசேஷத்துக்குச் சமைக்கப் போனபோது அவர்கள் வீட்டு மேடையைப் பார்த்திருக்கிறாள்.

“லாரிக்காரவுக உள்ள எட்டிப் பாக்குறாகண்ணே. வெள்ளையா இருந்தா சுத்தம் தானாத் தெரியும்.”

“அந்தக் கல்லப் புளி தின்னுரும்த்தா.”

“புளி பல்லத்தான் திங்கும். கல்ல எங்க திங்கும்?”

வாயால் சொல்லி அவளை ஒத்துக்கொள்ள வைத்தவர் இதுவரை யாருமில்லை. பாளையம்பட்டிப் பக்கம் ஒரு கல் கடைக்குப் போய், அறுத்து மிஞ்சின துண்டுகள் கேட்டேன். வெள்ளை மார்பிள் ஒன்று, கடப்பாக்கல் ஒன்று, வெளிர் சாம்பல் கிரானைட்டில் மூன்று வகை. கருப்பு கிரானைட் துண்டு ஒன்றைக் கடைக்காரர் தானே எடுத்து நீட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. நான் பக்கத்தில் பெயின்ட் கடையில் கொஞ்சம் தின்னர் வாங்கி வந்து, துணியில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். துணி கருத்தது, கல் வெளுத்தது.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “அண்ணாச்சி நம்ம லைன்ல இருந்தவுகளா?”

“சாயம் ஏத்துற வேலையே பாத்துருக்கேன்.”

உண்மைதான். ஒரு பட்டறையில் ஏழெட்டு மாதம் எனக்கு அதுதான் வேலை. சாம்பல் நிறக் கல்லில் கருப்புச் சாயம் ஏற்றி மினுக்குவோம். வாங்கிப் போனவர்கள் வீட்டில் அது எத்தனை நாள் கருப்பாக இருந்ததோ, நான் போய்ப் பார்க்கவில்லை. கடைக்காரர் உள்ளே போய், வேறொரு கருப்புத் துண்டு கொண்டுவந்தார். அதில் துணி கருக்கவில்லை.

ஆறு துண்டுகளையும் கொட்டகை நிழலில் வரிசையாக வைத்தேன். அன்றைக்குக் காலையில் புளிச்சோற்றுக்குக் கரைத்த புளியில் கொஞ்சம், ஓர் எலுமிச்சை மூடி, மஞ்சள் குழைத்த எண்ணெய் ஒரு கரண்டி. ஒவ்வொரு துண்டிலும் மூன்றையும் தனித்தனியாக விட்டேன். சோறு வாங்க வந்த டிரைவர் ஒருவர் நின்று பார்த்தார்.

“என்ன தாயி, கல்லுக்கு விருந்தா?”

“எங்கண்ணே வச்சிருக்கு. அதுகளும் பொட்டலம் கேட்டாலும் கேக்கும், தள்ளி நில்லுங்க” என்றாள் தங்கை.

சாயங்காலம் வியாபாரம் முடிந்து அவளே துடைத்தாள். மார்பிளில் எலுமிச்சை விட்ட இடம் மினுமினுப்புப் போய் வட்டமாக மங்கியிருந்தது. விரலால் தடவினாள், சொரசொரத்தது. அடுத்த துண்டுக்குப் போனாள். கடப்பாவிலும் புளி விட்ட இடம் வெளுத்திருந்தது. சாம்பல் கல் மூன்றில் இரண்டு எண்ணெயைக் குடித்து மஞ்சள் திட்டு காட்டின. மூன்றாவது அப்படியே இருந்தது. கருப்புக்கு எதுவும் ஆகவில்லை.

“அப்ப கருப்பு” என்றேன். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

“கருப்பு வேணாம்.”

“ஏத்தா, இப்பத்தான கண்ணால பாத்த?”

“பாத்தேன். சிந்துனது தெரியலேன்னா நான் எதத் தொடைப்பேன்?”

கேரளாவில் நான் புரோட்டா அடித்த கடையில் கருப்புக் கல்தான். அதைக் கடைசியாக எப்போது துடைத்தோம் என்பது கல்லுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கல் கெடுமா கெடாதா என்று மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். சோறு கெடுமா என்று பார்த்தவள் அவள். எண்ணெய் குடிக்காத அந்த மூன்றாவது சாம்பல் கல்லையே எடுத்தோம். அந்தத் துண்டு வெட்டிய அதே பெரிய பலகைக்கல்லிலேயே அறுத்துத் தரச் சொல்லி, கூடவே நின்று வாங்கி வந்தேன்.

காய் அறுக்கும் பலகையும் என் பொறுப்பில் வந்தது. அவளிடம் இருந்தது பிளாஸ்டிக். கத்தி போட்ட கீறலெல்லாம் மஞ்சளேறி, எவ்வளவு தேய்த்தாலும் வெங்காய வாடை போகாது. கல் மேலேயே அறுக்கலாமே என்றாள். கத்தி மொன்னையாகிவிடும் என்றேன். மர அறுவை மில்லில் புளிய மரத்துண்டு ஒன்று கிடைத்தது, இரண்டு விரல் தடிமன். கறிக்கடைக்காரர்கள் வேறு மரத்தைத் தொடுவதில்லை, அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. இழைத்து, உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்கி, கழுவி, வெயிலில் சாத்தினேன்.

அங்கேதான் தப்பு. எங்கள் ஊரில் எதைக் கழுவினாலும் வெயிலில் வைப்போம். மிளகாய், வத்தல், பாய், துணி, பானை எல்லாவற்றுக்கும் அந்த வெயில்தான். மர வேலையும் பார்த்த எனக்கே கை தானாக அங்கே போயிருக்கிறது. மத்தியானம் பட்டென்று ஒரு சத்தம். தங்கை எட்டிப் பார்த்தாள். பலகை மேலிருந்து கீழாகப் பிளந்து கிடந்தது.

“வேல முடிஞ்சுச்சாண்ணே?” என்றாள்.

சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. பிளந்த பலகையை அவள் தூக்கிப் போட விடவில்லை. பிளவோடு அறுத்து இரண்டாக்கச் சொன்னாள். ஒன்று வெங்காயத்துக்கு, ஒன்று எலுமிச்சைக்கு. இத்தனை நாளும் எலுமிச்சைச் சோற்றில் வெங்காய வாடை அடிக்கிறது என்று டிரைவர்கள் குறை சொல்லிக்கொண்டிருந்தார்களாம். தேங்காயெண்ணெய் தடவி, நிழலில் நிற்கவைத்து ஆறவிட்டேன். பிறகு அவை பிளக்கவில்லை.

கொத்தனார் வழக்கமான உயரத்துக்கு மேடை கட்ட வந்தார். நான் தங்கையைக் கரண்டியோடு நிற்கவைத்து, முழங்கைக்கு ஒரு சாண் கீழே கோடு போட்டுக் கொடுத்தேன். சட்டியின் உயரம் மேலே வருமே. கல் பதிந்து, பூச்சு இறுகிக் காய்ந்த அன்றைக்குக் காலையில் அவள் முதலில் செய்த வேலை அடுப்புப் பற்றவைப்பது இல்லை. முந்தின நாள் புளிக்காய்ச்சலில் ஒரு கரண்டி எடுத்துப் புதுக் கல்லின் ஓரத்தில் ஊற்றினாள்.

“அதான் துண்டுல பாத்தாச்சுல்ல?”

“துண்டு வேற, கல்லு வேறண்ணே. நிக்கப் போறது நானு.”

எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் ஊற்றிப் பார்த்திருப்பேன். அது பாட்டுக்குக் கிடந்தது. பக்கத்திலேயே நின்றுகொண்டு அவள் சோறு வடித்தாள், கிளறினாள், பொட்டலம் மடித்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு தடவைகூடத் தரையில் உட்காரவில்லை. கடைசி லாரி போனதும் ஈரத்துணியால் ஓரத்தைத் துடைத்து, குனிந்து, விரலால் தடவிப் பார்த்தாள். நானும் தடவினேன். ஒன்றுமில்லை, கல் கல்லாக இருந்தது.

“சரி, இப்பப் பஸ்ஸு ஏறிக்க” என்றாள்.

துணியைப் பிழிந்து காயப்போட வெளியே போனாள். பலகைகள் இரண்டும் நிழலில்தான் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நான் பையை எடுத்தேன்.