ஸ்டேஷன்தான் ஜாகை

தலைமையாசிரியையின் மேசைக்கு முன்னால் அப்பா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் லயத்தையே அதட்டி வேலை வாங்கிய கங்காணி அவர். ஜொகூர் பாருவின் பெண்கள் ஆங்கிலப் பள்ளியில், அந்த வெள்ளைக்கார அம்மையாரின் முன்னால் மட்டும் குரல் எழும்பவில்லை. கூலாயில் நான் படித்த சின்னப் பள்ளியில் மேல் வகுப்பு கிடையாது. இனிப் படிக்க வேண்டுமானால் தினமும் ரயிலில் பாருவுக்குப் போய்த்தான் வர வேண்டும். அம்மையார் தமக்குத் தெரிந்த மலாயில், "சியாப்பா ஜாகா?" என்று கேட்டார். இந்த ஊரில் இவளைக் கவனித்துக்கொள்வது யார் என்பது கேள்வி. தோட்டத்துக் காவல்காரரையே நாங்கள் ஜாகா என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவுக்குத் தெரியாத சொல்லா? ஆனால் வெள்ளைக்கார வாயில் புகுந்து வந்த மலாய், அப்பா காதில் தமிழாக விழுந்துவிட்டது. ஜாகை எங்கே, பெண் எங்கே தங்குகிறாள் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டார். ரயிலில் வந்து ரயிலில் திரும்புகிறவளுக்கு ஊரில் ஏது ஜாகை? "ஸ்டேஷன், மேம்," என்றார். அம்மையார் திருப்தியாகத் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை.

பள்ளி மத்தியானமே விட்டுவிடும். திரும்பும் ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து பாடம் எழுதுவேன். ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டும் கடுகடுத்த முகமுமாக என்னைக் கடந்து போவார், ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியவன் வேறொருவன். கடைத்தெருவில் வேலை என்று சொல்லிக்கொண்டான். முதலில் மிட்டாய் நீட்டினான். பிறகு ஊரைக் கேட்டான், அப்பா பெயரைக் கேட்டான், அப்புறம் வாங்கில் நெருங்கி உட்காரத் தொடங்கினான். ஒரு நாள் என் பையைப் பிடித்துக்கொண்டு, கடைவரை கூட நடந்து வந்தால்தான் தருவேன் என்று சிரித்தான். பிடுங்கிக்கொண்டு ஓடினேன். வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, என் படிப்புதான் நிற்கும். அந்த வயதிலேயே அது எனக்கு எப்படிப் புரிந்ததோ தெரியவில்லை, ஆனால் நன்றாகவே புரிந்திருந்தது.

அதன் பிறகு மணி அடித்தாலும் பள்ளியை விட்டு நகர மாட்டேன். ரயிலுக்கு நேரமானதும்தான் ஒரே ஓட்டம். சில நாளில் அம்மையார் இதைக் கவனித்துவிட்டார். என்னிடம் கேட்டார், நான் வாய் திறக்கவில்லை. அப்பா அன்று ஸ்டேஷன் என்று சொன்னதை வைத்து, என்னைக் கவனித்துக்கொள்கிறவரை அழைத்துவரச் சொல்லி ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். நீங்கள்தானே இந்தப் பெண்ணின் கார்டியன் என்று அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டதும் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். "யெஸ், மேடம்," என்றார்.

வெளியே வந்ததும்தான் கேட்டார். "பிள்ளை, நான் எப்ப இருந்து உன்ர கார்டியன்?"

எனக்குத் தெரியாது என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. கடைசியில், "கொப்பருக்குத் தெரியுமோ?" என்றார்.

"வேணாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா பள்ளிக்கூடத்த நிறுத்திடுவாரு."

"ஒளிக்கிறது சரியில்லை, பிள்ளை. நான் வந்து கதைக்கிறன்."

அந்த நிமிஷம் அந்த மனிதரை நான் அடியோடு வெறுத்தேன். மறுநாள் முதல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில், அவர் மனைவி தந்த புட்டைத் தின்றுகொண்டு ரயிலுக்குக் காத்திருந்தேன். அந்த ஆளைப் போலீஸ்காரரிடம் காட்டிக்கொடுத்து, பிளாட்பாரப் பக்கமே வராமல் செய்தார். இருந்தும் என் வெறுப்பு தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே தோட்டத்துக்கு வந்து நின்றார்.

அப்பா கேட்டு முடிக்கும் முன்பே கொதித்தார். "பொம்பளப் புள்ள படிச்சது போதுங்க. நாளையிலேருந்து வேணாம்."

"தண்டவாளத்தில கல்லுக் கிடந்தா, கல்லைத் தூக்கிப்போட்டிட்டு வண்டியை விடுவம்," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "வண்டியை ஒரேயடியா நிப்பாட்டுறேல்லை."

பேச்சோடு பேச்சாகக் கார்டியன் கதையும் வெளியே வந்தது. அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. "தொரசானி ஜாகையத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சேங்க. நாளைக்கே போய் மாத்திச் சொல்லிடுறேன்."

"மாத்த வேண்டாம். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

அப்பா அவரை வழியனுப்பக்கூட எழுந்திருக்கவில்லை.

பின்னாளில் நானே ஆசிரியையாகி, பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்வதுதான் பத்திரம் என்று நம்பும் அப்பாக்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். இன்றைக்குப் பள்ளிகளில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், விதிகள் இருக்கின்றன. நல்லதுதான். ஆனாலும் அந்த அப்பாக்கள் மேல் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அவர்களும் பயந்துதான் போயிருக்கிறார்கள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகத்துக்கு வரும்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் சீருடை போடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். இனித் தோட்டத்தில் பால் மரம் சீவும் வேலைதான் என்று முடிவு கட்டியிருந்தேன். அப்பா வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் என்ன உக்காந்திருக்க? ரயிலு போயிடும்லா."

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அன்று கங்காணி போகவில்லை. என்னோடு செடெனாக் ஸ்டேஷன்வரை நடந்தார். நான் ஏறிப் போன பிறகு நடந்ததை அந்த ஸ்டேஷன்காரர் பின்பு சொன்னார். புள்ள போய்ச் சேந்துட்டாளான்னு பாருவுக்குத் தந்தி அடிச்சுக் கேக்க முடியுமாங்க என்று அப்பா கேட்டாராம். பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.