ரெஜினா அக்கா பூசிய துரு

ரெஜினா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். டெங்கு என்றார்கள். அம்மா அடுப்பை அணைத்தார். நான் ஷூவை ஒரு காலில் மாட்டியபடியே எதிரே இருந்த அக்கா வீட்டுக் கதவைப் பார்த்து நின்றேன்.

அக்கா மாதாப்பூரில் ஐ.டி. வேலை பார்த்தவர். வீட்டில் உள்ளங்கை அளவுக்குச் சரக்கு ரயில் பெட்டிகள் செய்வார். முதன்முதலில் ஒன்றைக் காட்டியபோது, "கபாடி கடையில பழைய இரும்பா வாங்கினீங்களா அக்கா? ஒரே துரு" என்றேன். சிரிப்புத் தாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இதவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைக்காது, போ." அது புத்தம்புதுப் பிளாஸ்டிக்.

எனக்கு இழுப்பு உண்டு. பெயிண்ட் வாசனை ஆகாது, அங்கே போகவே கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாமல்தான் போனேன். அக்கா என்னை உள்ளே விடமாட்டார். மாஸ்க் போட்டு வாசலிலேயே நிறுத்துவார். "அங்கேயே நில்லு. ரயில யாரும் மூக்குகிட்ட வச்சுப் பாக்கறதில்ல."

எந்த வண்ணத்தையும் முதலில் பிளாஸ்டிக் ஸ்பூனில் பூசிப் பார்ப்பார். புகைக்கரி, பாசி, மழைச்சேறு, வெயிலில் வெளுத்த சிவப்பு என்று ஸ்பூன்கள் துணி கிளிப்பில் வரிசையாகத் தொங்கும். "எது பொய் சொல்லுது, சொல்லு" என்பார். நான் கைகாட்டும் ஸ்பூன் குப்பைக்குப் போகும். வாதாடவே மாட்டார்.

ஒருநாள் பெட்டிக்குத் துரு நிறம் பூசி, ஈரம் தொட்டுப் பொடி உப்பைத் தூவி, அதன்மேல் செம்பழுப்பு வண்ணத்தை அடித்தார். காய்ந்ததும் டூத்பிரஷால் தேய்த்தார். உப்பு உதிர்ந்த இடமெல்லாம் மேல்வண்ணம் பெயர்ந்து, உள்ளிருந்து துரு எட்டிப் பார்த்தது. எத்தனையோ மழைக்காலங்கள் அந்த ஒரு நிமிடத்தில் பெய்து ஓய்ந்ததுபோல் இருந்தது.

அடக்கம் முடிந்து, ஜெபத்துக்கு ஆட்கள் வருவதற்கு முன் அப்பாவும் நானும் அங்கே போனோம். அக்காவின் அம்மா வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கடைசியாக முடித்த பெட்டியை எடுத்தார். "என் பிள்ள சாமான் இப்படியா அழுக்கா கெடக்கணும்" என்று ஸ்கிரப்பரில் சோப்பைத் தொட்டார்.

பேசினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பேசாவிட்டால் அக்காவின் கைவேலை கரைந்துவிடும்.

"நக்கோ ஆன்ட்டி, தேய்க்காதீங்க. அது அழுக்கு இல்ல. அக்கா போட்ட பெயிண்ட்."

"இந்தத் துருவா?"

"ஹவ், ஆமா. போடும்போது நான் பார்த்தேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த ராத்திரிவரை எதுவும் கேட்கவில்லை. காலையில் கேட்பார். பயத்தில் தூக்கம் வராமல், போர்வைக்குள் டார்ச் வைத்து இதை எழுதுகிறேன்.

ஆன்ட்டி ஸ்கிரப்பரைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பெட்டியின் கதவோரம் வழிந்த துருக்கோட்டில் விரலை வைத்தார்.

"இது அவளா?"

"ஹவ் ஆன்ட்டி."

சக்கரத்துக்கு மேலிருந்த சேற்றைத் தொட்டார். "இது?"

"அதுவும் அக்காதான்."

பெட்டி முழுவதையும் தொட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா, நீங்கள் பூசியதில் ஒரு துளியும் போகவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.